கடலூர், புதுவைத் தளங்களுக்கு சர்வர் கிளஸ்டர்: முதல்முறை அமைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதுச்சேரியில் விடுதி நடத்துகிறவர்களுக்கு முன்பதிவு குவிவது டிசம்பர் கடைசி வாரத்தில். வங்கக் கடலில் புயல் பிறக்கும் காலமும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். 2011இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது டிசம்பர் 30ஆம் தேதி. கடலூர் மாவட்டத்தின் பல ஊர்களுக்கு அதன்பிறகு நாள்கணக்கில் கரண்ட் வரவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட இரவில்தான் உள்ளூர்ச் செய்தித் தளத்தையும், பள்ளி விடுமுறை அறிவிப்பையும், அறை ரத்துசெய்யும் பக்கத்தையும் எல்லோரும் ஒரே நேரத்தில் திறப்பார்கள். இந்தக் கரையில் ஒரு தளத்துக்குக் கூட்டம் வரும் நாளும் அது படுத்துவிடக்கூடிய நாளும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன.

ஒரு தளத்தைப் பல சர்வர்கள் சேர்ந்து தாங்கும்படி அமைப்பதே கிளஸ்டர். அதனால் கிடைப்பவை மூன்று. ஒரு சர்வர் விழுந்தாலும் தளம் நிற்காது. கூட்டம் வந்தால் சுமை பிரியும். பட்டப்பகலில், வாடிக்கையாளர் உள்ளே இருக்கும்போதே, ஒரு சர்வரை வெளியே எடுத்து அப்டேட் செய்துவிட்டுத் திரும்பச் சேர்க்கலாம். விற்பவர்கள் முதல் இரண்டைப் பற்றியே பேசுவார்கள். தினசரி வாழ்க்கையில் அதிகம் உதவுவது மூன்றாவதுதான். செக்யூரிட்டி அப்டேட்டை இரவு 2 மணிக்குத் தள்ளிவைத்து, பிறகு அதை மறந்தும்போகும் வழக்கம் அதோடு ஒழிகிறது.

கிடைக்காத ஒன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கிளஸ்டரால் பக்கம் வேகமாகத் திறக்காது. ஒரு சர்வரில் 4 விநாடி எடுக்கும் பக்கம் ஐந்து சர்வரிலும் 4 விநாடிதான் எடுக்கும். டேட்டாபேஸிடம் கேட்கும் மெதுவான கேள்விக்கு (query) இன்டெக்ஸ் போடுவது, படங்களைச் சுருக்குவது, தயாரான பக்கத்தை நினைவில் வைத்துத் தரும் கேஷ் (cache) வைப்பது எல்லாம் ஒற்றைச் சர்வரிலேயே முடிக்க வேண்டிய வேலைகள். அவற்றை முடித்ததும் கிளஸ்டரே தேவையில்லை என்று தெரியவந்தால், அதுவும் லாபம்தான்.

யாருக்குத் தேவை

பண்ருட்டியில் முந்திரி விற்கும் கடையின் தளத்துக்கு ஒரு நாளில் சில நூறு பேர் வந்து விலைப்பட்டியல் பார்க்கிறார்கள் என்றால் கிளஸ்டர் வேண்டாம். பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் நல்ல ஷேர்டு ஹோஸ்டிங், தினசரி பேக்கப், கேஷ் பிளகின் போதும். அரை மணி நேரம் தளம் நின்றால் பெரிய நஷ்டம் இல்லாத இடத்தில் பல இயந்திரங்களைக் கட்டிக் காப்பது வீண் செலவு.

பணம் கைமாறும் முன்பதிவுத் தளம், தேர்வு முடிவு வெளியிடும் கல்லூரித் தளம், புயல் நேரத்தில் வாசகர் குவியும் செய்தித் தளம், பல கிளைகள் ஒரே நேரத்தில் பில் போடும் மென்பொருள் ஆகியவற்றுக்குத் தேவை. உங்கள் தளம் இந்த வரிசையில் இருந்தாலும், எல்லாவற்றையும் சொந்தமாகக் கட்டவேண்டிய கட்டாயம் கிடையாது. கிளவுட் நிறுவனங்கள், வருபவர்களைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சரையும் டேட்டாபேஸையும் தாங்களே பராமரித்துத் தருகின்றன. அப்படி வாங்கினால் உங்கள் பொறுப்பில் இருப்பது இரண்டு வெப் சர்வர்கள் மட்டும். ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் சின்ன அலுவலகத்துக்கு எங்கள் பரிந்துரை இதுதான். கீழே சொல்லும் படிகளில் 2, 4, 6, 7 அப்போதும் அப்படியே பொருந்தும்.

முதலில் ஒரு கணக்கு

99 சதவீத நேரம் ஓடும் சர்வர் என்றால் ஆண்டுக்கு 3.65 நாள் அது நிற்கும். அதேபோன்ற இரண்டில் ஏதாவது ஒன்று ஓடினால் போதும் என்று அமைத்தால், இரண்டும் சேர்ந்து நிற்கும் வாய்ப்பு நூறில் ஒன்றின் நூறில் ஒன்று. தளம் ஓடும் நேரம் 99.99 சதவீதமாகிவிடும். ஆண்டுக்குச் சுமார் 53 நிமிடம்தான் தடங்கல்.

இந்தக் கணக்கு இரண்டு இடத்தில் பொய்த்துப்போகும். முதலாவது, அந்த இரண்டு சர்வர்களுக்கு முன்னால் ஒற்றை லோடு பேலன்சரை வைத்து, அதுவும் 99 சதவீத இயந்திரமாக இருப்பது. அப்போது மொத்தம் 98.99 சதவீதம். அதாவது, செலவை மூன்று மடங்காக்கிவிட்டு ஒற்றைச் சர்வரைவிட மோசமான நிலைக்கு வந்திருக்கிறீர்கள். இரண்டாவது, இரண்டு சர்வர்களும் ஒரே காரணத்தால் விழுவது. ஒரே இயந்திரத்தின்மேல் ஓடும் இரண்டு விர்ச்சுவல் சர்வர்கள், ஒரே யுபிஎஸ், ஒரே ஸ்விட்ச், ஒரே டிஸ்க் என்றால் அவை ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு படகுகள். ஆகவே அமைப்பில் எந்த அடுக்கிலும் தனியாக நிற்கும் பொருள் எது என்று தேடுவதே கிளஸ்டர் வேலையின் பாதி.

படி 1: இடம்

மஞ்சக்குப்பத்திலோ முத்தியால்பேட்டையிலோ அலுவலக அறையில் ஏசி போட்டு சர்வர் வைக்காதீர்கள். இரண்டு இன்வெர்ட்டரும் ஜெனரேட்டரும் இருந்தாலும், புயலுக்குப் பிறகு டீசல் கிடைக்காது. ஃபைபர் கேபிள் கம்பத்தோடு சேர்ந்து விழும். தரைத்தளத்தில் தண்ணீர் ஏறும். சர்வர் இருக்கவேண்டிய இடம் டேட்டா சென்டர்.

இந்தியாவுக்குள்ளேயே வசதி நிறைய. அமேசானுக்கும் கூகுளுக்கும் மும்பையில், மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலும் புனேயிலும், டிஜிட்டல் ஓஷனுக்குப் பெங்களூரில் மையங்கள் உள்ளன. நமக்கு அருகே என்பதால் சென்னையைத் தேர்ந்தெடுப்பது இயல்பு. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளமும் 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயலும் சென்னையைத்தான் தாக்கின. கிளஸ்டர் சென்னையில் இருக்கட்டும், பேக்கப் கட்டாயம் மும்பையிலோ பெங்களூரிலோ இருக்க வேண்டும்.

டேட்டாபேஸ் சர்வர்களை மட்டும் ஊர் ஊராகப் பிரித்து வைக்காதீர்கள். கீழே சொல்லப்போகும் கலேரா முறையில் ஒவ்வொரு பதிவும் மற்ற சர்வர்களுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே உறுதியாகும். ஒரே டேட்டா சென்டருக்குள் அந்தப் பயணம் ஒரு மில்லிவிநாடிக்குள் முடியும். சென்னைக்கும் மும்பைக்கும் இடையே அதைவிடப் பல மடங்கு ஆகும், அந்தத் தாமதம் ஒவ்வொரு பதிவிலும் சேரும். ஒரே ஊரில், வெவ்வேறு கட்டடம் அல்லது வெவ்வேறு ரேக் என்பதே சரியான தூரம். சர்வர் வாங்கும்போது, "இவை ஒரே ஹோஸ்டில் அமையக் கூடாது" என்னும் விருப்பத்தைத் தேர்வுசெய்ய மறக்காதீர்கள். ஆன்டி-அஃபினிட்டி என்ற பெயரில் இருக்கும்.

வாங்கவேண்டியவை: லோடு பேலன்சருக்கு 2 சர்வர், ஒவ்வொன்றிலும் 1 ஜி.பி. ரேம். வெப் சர்வர் 2, ஒவ்வொன்றிலும் 4 ஜி.பி. டேட்டாபேஸ் சர்வர் 3, ஒவ்வொன்றிலும் 4 ஜி.பி. இவற்றை இணைக்கும் பிரைவேட் நெட்வொர்க் ஒன்று. பொதுவெளிக்குத் திறந்திருப்பது லோடு பேலன்சர் மட்டுமே.

படி 2: சர்வருக்குள் தங்கியிருப்பவற்றை வெளியே எடுப்பது

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். இரண்டாவது சர்வரைச் சேர்த்தவுடன், அதுவரை யாரும் கவனிக்காத பொருள்கள் எல்லாம் வெளிப்படும். ஆகவே இந்த வேலையை ஒரே சர்வர் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

செஷன்: தளத்துக்குள் இருக்கும் ஒருவரைப் பற்றிச் சர்வர் வைத்துக்கொள்ளும் குறிப்பே செஷன். தளங்கள் பலவற்றை ஓட்டும் மொழியான பிஎச்பி தன் செஷன்களைச் சாதாரணமாக அந்தந்தச் சர்வரின் டிஸ்க்கில் கோப்பாக எழுதிவைக்கும். அறை தேர்ந்தெடுத்தவர் முதல் சர்வரில் இருந்தார், பணம் செலுத்தும் பக்கம் இரண்டாவது சர்வருக்குப் போனது என்றால் அவர் தேர்ந்தெடுத்தது காணாமல்போகும். லாராவெல் என்னும் பிஎச்பி கட்டமைப்பில் எழுதிய தளம் என்றால் செஷன் டிரைவரை டேட்டாபேஸுக்கு மாற்றுங்கள், ஆப் கீ (APP_KEY என்னும் ரகசியச் சாவி) எல்லாச் சர்வரிலும் ஒன்றாக இருக்கட்டும். வேர்ட்பிரஸ் தன் லாகினுக்கு பிஎச்பி செஷனை நம்புவதில்லை. குக்கீயில்தான் வைக்கும். அங்கே எல்லாச் சர்வரிலும் கான்ஃபிக் கோப்பிலுள்ள சால்ட் வரிகள் (ரகசியச் சாவிகள்) ஒன்றாக இருந்தால் போதும். மாறியிருந்தால் நிர்வாகி ஒவ்வொரு கிளிக்கிலும் வெளியே தள்ளப்படுவார். ஒருவரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பும் ஸ்டிக்கி குக்கீ முறையும் உண்டு. அதை அவசரத்துக்குப் பயன்படுத்தலாம். ஆனால் அந்தச் சர்வர் விழுந்தால் அதிலிருந்தவர்கள் எல்லோருடைய செஷனும் போய்விடும்.

பதிவேற்றிய கோப்புகள்: அறையின் படத்தை ஏற்றினீர்கள். பக்கத்தைப் புதுப்பித்தால் ஒருமுறை படம் தெரிகிறது, மறுமுறை தெரியவில்லை. கோப்பு ஒரு சர்வரில் மட்டும் இருக்கிறது என்று பொருள். ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் எனப்படும், சர்வர்களுக்கு வெளியே இருக்கும் சேமிப்பில் பதிவேற்றங்களை வைப்பதே நல்ல தீர்வு. நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைத் தரும் என்எஃப்எஸ் சர்வர் ஒன்றை வைத்து எல்லோரும் பகிர்ந்துகொள்வது சுலபம்தான், ஆனால் அதுவே தனியாக நிற்கும் பொருளாகிவிடும். எப்படி வைத்தாலும் நிரல் கோப்புகளைப் பகிர்ந்த டிஸ்க்கில் போடாதீர்கள். வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்துக்கே நூற்றுக்கணக்கான சின்னக் கோப்புகளைத் திறக்கும். நெட்வொர்க் வழியாக அது நடந்தால் தளம் ஊர்ந்துபோகும். நிரல் அந்தந்தச் சர்வரிலேயே இருக்கட்டும்.

கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை): "நாளை உங்கள் செக்-இன்" என்ற எஸ்எம்எஸ் ஒரே விருந்தினருக்கு இரண்டு முறை போகும், ஏனென்றால் இரண்டு சர்வரும் அதே வேலையை ஓட்டுகின்றன. கிரானை ஒரு சர்வரில் மட்டும் வைப்பது எளிது, ஆனால் அந்தச் சர்வர் விழும் நாளில் எதுவும் ஓடாது. டேட்டாபேஸில் ஒரு பூட்டு அட்டவணை வைத்து, முதலில் பூட்டைப் பிடிக்கும் சர்வரே ஓட்டும்படி செய்வது மேல். கலேராவில் இதற்கு மைஎஸ்க்யூஎல் வகை டேட்டாபேஸின் கெட் லாக் (GET_LOCK) கட்டளையை நம்ப வேண்டாம். அந்தப் பூட்டு ஒரு சர்வருக்குள் மட்டும் செல்லும். அட்டவணையில் வரியாக எழுதும் பூட்டே பொருந்தும். வேர்ட்பிரஸில் பார்வையாளர் வரும்போது ஓடும் உள் கிரானை நிறுத்திவிட்டு, சிஸ்டம் கிரானில் போடுங்கள்.

நேரம்: எல்லாச் சர்வரிலும் கடிகாரத்தைச் சரியாக வைத்திருக்கும் குரோனி (chrony) ஓடட்டும். நேரம் சில நிமிடம் விலகினாலே ஓடிபி "காலாவதி" என்று சொல்லும். லாகுகளை வரிசைப்படுத்திப் பார்க்கவும் முடியாது.

படி 3: டேட்டாபேஸ், ஏன் மூன்று

மரியாடிபி என்னும் டேட்டாபேஸ் மென்பொருளின் கலேரா கிளஸ்டரில் எல்லாச் சர்வரிலும் ஒரே தரவு இருக்கும். நெட்வொர்க் அறுந்தால், பாதிக்கு மேல் உறுப்பினர்கள் இருக்கும் பக்கம் மட்டும் தொடர்ந்து ஓடும். மற்றப் பக்கம் தானாகவே வேலையை நிறுத்திவிடும். ஒரே அறையை இரண்டு பக்கமும் இரண்டு பேருக்கு விற்காமல் காப்பது இந்த விதிதான். இரண்டு சர்வர் மட்டும் வைத்தால், ஒன்று திடீரென்று விழும்போது மிஞ்சுவது பாதி. பாதிக்கு மேல் இல்லை. ஆகவே நன்றாக இருக்கும் சர்வரும் நின்றுவிடும். மூன்று வைத்தால் ஒன்றை இழக்கலாம், ஐந்து வைத்தால் இரண்டை. நான்கு வைத்தாலும் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் இழக்க முடியும். மூன்றாவது முழுச் சர்வருக்குப் பணம் இல்லையென்றால், கலேரா ஆர்பிட்ரேட்டர் என்னும் சிறு நிரலை வேறொரு சர்வரில் ஓட்டுங்கள். அது தரவை வைத்துக்கொள்ளாது, வாக்கு மட்டும் போடும்.

அமைக்கும் முறை: மூன்றிலும் ஒரே பதிப்பு மரியாடிபி. கான்ஃபிக் கோப்பில் பின்லாக் ஃபார்மட் ரோ (binlog_format=ROW), ஸ்டோரேஜ் எஞ்சின் இன்னோடிபி (default_storage_engine=InnoDB), ஆட்டோஇன்க் லாக் மோடு 2 (innodb_autoinc_lock_mode=2) என்று வையுங்கள். கிளஸ்டர் முகவரியில் மூன்று பிரைவேட் ஐபிகளும் இருக்க வேண்டும். ஃபயர்வாலில் இவற்றுக்கிடையே 3306, 4567, 4568, 4444 ஆகிய போர்ட்டுகளைத் திறங்கள். 4444 மூடியிருந்தால் அறிகுறி விசித்திரமாக இருக்கும். புதிய சர்வர் கிளஸ்டரைக் கண்டுபிடித்துவிடும், ஆனால் முழுத் தரவை நகலெடுக்க முடியாமல் திரும்பத் திரும்ப விழும்.

முதல் சர்வரில் மட்டும் "கலேரா நியூ கிளஸ்டர்" (galera_new_cluster) கட்டளையை ஓட்டுங்கள். மற்ற இரண்டையும் சாதாரணமாகத் தொடங்குங்கள், ஒன்று முழுதாகச் சேர்ந்த பிறகே அடுத்தது. பிறகு கிளஸ்டர் சைஸ் 3 என்றும், கிளஸ்டர் ஸ்டேட்டஸ் பிரைமரி என்றும் வருகிறதா பாருங்கள்.

பழைய தளத்தின் தரவைக் கொண்டுவரும் முன் இரண்டு சோதனை. மைஐசாம் (MyISAM) என்னும் பழைய வகை அட்டவணைகள் இருந்தால் இன்னோடிபிக்கு மாற்றுங்கள், இல்லையேல் அவை மற்றச் சர்வர்களுக்குப் போகாது. ஒவ்வோர் அட்டவணைக்கும் பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டுவது) இருக்க வேண்டும். நம் ஊர்களில் பல ஆண்டுகளாக ஓடும் பில்லிங் மென்பொருள்களில் இந்த இரண்டு குறையும் சேர்ந்தே இருப்பது வழக்கம்.

மூன்றிலும் எழுதலாம் என்று விளம்பரம் சொல்லும். ஆனால் ஒரே வரியை இரண்டு சர்வரில் ஒரே கணத்தில் மாற்றினால் ஒன்று டெட்லாக் பிழையோடு திரும்பும், எண் 1213. உங்கள் நிரல் அந்தப் பிழையைப் பிடித்து மறுபடி முயலும்படி எழுதப்படவில்லையென்றால், முன்பதிவு பாதியில் அறுந்துவிடும். ஆகவே ஒரு சர்வரில் மட்டும் எழுதுங்கள், மற்ற இரண்டும் காத்திருக்கட்டும்.

அதை எப்படிச் செய்வது? ஒவ்வொரு வெப் சர்வரிலும் எச்ஏபிராக்சி (HAProxy) என்னும், கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் சின்ன நிரல் ஒன்றை நிறுவி, 127.0.0.1 முகவரியில் 3306 போர்ட்டில் கேட்கச் செய்யுங்கள். அதன் பின்னால் மூன்று டேட்டாபேஸ் சர்வர்கள். முதலாவது முதன்மை, மற்றவை இரண்டின் வரியிலும் பேக்கப் (backup) என்ற சொல். இப்படி வைத்தால் டேட்டாபேஸுக்கு முன்னால் தனி இயந்திரம் எதுவும் நிற்பதில்லை. நிரலின் கான்ஃபிக்கில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதாமல் 127.0.0.1 என்றே எழுதுங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்றால் பிஎச்பி நெட்வொர்க்கை விட்டுவிட்டு சாக்கெட் கோப்பைத் தேடும், "இணைக்க முடியவில்லை" என்று சொல்லும்.

போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனை டேட்டாபேஸுக்குப் போதாது. பிரிந்துபோன கலேரா சர்வர் இணைப்பை ஏற்றுக்கொண்டு, கேள்வி கேட்டவுடன் 1047 பிழையைத் தரும். கிளஸ்டர்செக் என்ற ஸ்கிரிப்டை 9200 போர்ட்டில் ஓட்டி, "நான் முழுதாகச் சேர்ந்திருக்கிறேன்" என்று அது சொன்னால் மட்டும் அனுப்பும்படி வையுங்கள்.

படி 4: வெப் சர்வர்கள்

இரண்டிலும் பக்கங்களைத் தரும் என்ஜின்எக்ஸ், பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம், அதே பதிப்பு, அதே கான்ஃபிக். கையால் இரண்டு முறை நிறுவாதீர்கள். நிறுவும் படிகளைத் தானாக ஓட்டும் ஆன்சிபிள் கருவிக்குக் கோப்பு எழுதி இரண்டுக்கும் ஓட்டுங்கள். மூன்றாவது சர்வர் தேவைப்படும் இரவில் அதுதான் உதவும்.

எண்ணிக்கையைக் கணக்குப் போட்டு வையுங்கள். ஒரு பிஎச்பி புராசஸ் சுமார் 60 எம்.பி. எடுத்தால், 4 ஜி.பி.யில் 1 ஜி.பி.யை சிஸ்டத்துக்கு விட்டு மீதி 3 ஜி.பி.க்கு 50 புராசஸ். இரண்டு சர்வருக்கு 100. மரியாடிபி ஏற்கும் இணைப்புகளின் இயல்பு வரம்பு 151. புத்தாண்டுக் கூட்டத்துக்கு மேலும் இரண்டு வெப் சர்வர் சேர்த்தால் 200 ஆகும். "டூ மெனி கனெக்‌ஷன்ஸ்" என்று தளமே விழும். கூட்டத்தைத் தாங்கச் சேர்த்த சர்வரே தளத்தைச் சாய்க்கும். வெப் சர்வரைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்த கணக்கு சுமை. இரண்டு சர்வரும் தலா 70 சதவீதச் சுமையில் ஓடுகின்றன என்றால், ஒன்று விழும்போது மற்றொன்றின் தலையில் 140 சதவீதம் ஏறும். சில நிமிடத்தில் அதுவும் விழும். இரண்டு வைத்திருப்பவர்கள் உச்ச நேரத்தில் 45 சதவீதத்தைத் தாண்டவிடாதீர்கள். மூன்று இருந்தால் 60 வரை போகலாம்.

படி 5: லோடு பேலன்சர் இரண்டு, முகவரி ஒன்று

இரண்டு சர்வரிலும் எச்ஏபிராக்சி, முகவரியைக் கைமாற்றும் கீப்அலைவ்டி (keepalived). பொது முகவரி ஒன்று இரண்டுக்கும் சொந்தம். முதன்மை விழுந்தால் அடுத்தது அதை எடுத்துக்கொள்ளும். கீப்அலைவ்டி பயன்படுத்தும் விஆர்ஆர்பி முறையில், முதன்மை விநாடிக்கொரு முறை "இருக்கிறேன்" என்று சொல்லும். மூன்று முறைக்கு மேல் சத்தம் வராவிட்டால் மற்றது பொறுப்பேற்கும். மாற்றம் சுமார் 4 விநாடியில் முடியும்.

முதன்மைக்கு முன்னுரிமை எண் 101, மற்றதற்கு 100 என்று வையுங்கள். ரவுட்டர் ஐடி இரண்டிலும் ஒன்றாக, 1 முதல் 255க்குள். எச்ஏபிராக்சி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் டிராக் ஸ்கிரிப்ட் ஒன்றைச் சேர்த்து, அது தோற்றால் 2 குறையும்படி செய்யுங்கள். 101 என்பது 99 ஆகும், முகவரி மாறும். இந்த ஸ்கிரிப்ட் இல்லையென்றால், இயந்திரம் ஓடிக்கொண்டும் எச்ஏபிராக்சி செத்தும் கிடக்கும். முகவரி மாறவே மாறாது.

இரண்டும் தங்களை முதன்மை என்று சொல்லிக்கொண்டால், விஆர்ஆர்பி பயன்படுத்தும் ஐபி புரோட்டகால் 112ஐ ஃபயர்வால் தடுக்கிறது என்று பொருள். கிளவுடில் மல்டிகாஸ்ட் (எல்லோருக்கும் பொதுவாக அனுப்புவது) பெரும்பாலும் செல்லாது, ஆகவே நேராக ஒருவருக்கே அனுப்பும் யூனிகாஸ்ட் பியர் வரியில் மற்றதன் ஐபியை எழுதுங்கள். மேலும், பல கிளவுடுகளில் முகவரியை சர்வர் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. சர்வருக்குச் சர்வர் மாற்றக்கூடிய ஃப்ளோட்டிங் ஐபி வாங்கி, முதன்மை மாறும்போது அந்த நிறுவனத்தின் ஏபிஐயை அழைக்கும் நோட்டிஃபை ஸ்கிரிப்ட் எழுத வேண்டும்.

வெப் சர்வர்களைச் சோதிக்க எச்ஏபிராக்சியின் இயல்பு நிலை: 2 விநாடிக்கொரு முறை, 3 தடவை தோற்றால் வெளியே, 2 தடவை வென்றால் உள்ளே. விழுந்த சர்வர் ஏறக்குறைய 6 விநாடியில் விலக்கப்படும். இது போதுமானது. எந்தப் பக்கத்தைச் சோதிப்பது என்பதில்தான் யோசனை தேவை. வெறும் படக் கோப்பைச் சோதித்தால், பிஎச்பி செத்திருந்தாலும் "நலம்" என்று வரும். டேட்டாபேஸ் வரை சோதித்தால், டேட்டாபேஸ் ஒரு கணம் தடுமாறும்போது எல்லா வெப் சர்வரும் ஒன்றாக விலக்கப்பட்டு, வந்தவர்கள் எல்லோருக்கும் 503 பிழைதான் கிடைக்கும். பிஎச்பி ஓடுகிறதா என்பதோடு நிறுத்துங்கள். டேட்டாபேஸ் நலத்தைத் தனிக் கண்காணிப்பு பார்க்கட்டும்.

படி 6: எச்டிடிபிஎஸ், டிஎன்எஸ்

சான்றிதழை லோடு பேலன்சரில் வையுங்கள். உள்ளே போகும் கோரிக்கையோடு எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ, எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்னும் இரண்டு தலைப்புகளையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். முன்னது இல்லையென்றால், தான் எச்டிடிபியில் இருப்பதாக வேர்ட்பிரஸ் நினைத்துத் திரும்பத் திரும்பத் திருப்பிவிடும், பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். பின்னது இல்லையென்றால், எல்லாப் பார்வையாளரும் ஒரே ஐபியிலிருந்து வருவதுபோலத் தெரியும். தவறான பாஸ்வேர்டு போட்ட ஒருவரைத் தடுக்கும் பிளகின், எல்லோரையும் சேர்த்துத் தடுத்துவிடும்.

இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டின் புதுப்பிப்பில் ஒரு பொறி இருக்கிறது. சாதாரணச் சரிபார்ப்பு முதன்மைக்கு மட்டுமே வரும். அதில் மட்டும் சான்றிதழ் புதுப்பிக்கப்படும். காத்திருக்கும் லோடு பேலன்சரில் பழையது காலாவதியாகிக் கிடக்கும். முதன்மை விழும் நாளில்தான் அது தெரியவரும், எல்லோருடைய பிரவுசரிலும் எச்சரிக்கைப் பக்கமாக. டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்புக்கு மாறுங்கள், அல்லது புதுப்பித்தவுடன் மற்றதற்கு நகலெடுத்து இரண்டிலும் எச்ஏபிராக்சியை ரீலோடு செய்யும் ஸ்கிரிப்டை வையுங்கள்.

தளத்தின் பெயரை ஐபியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவை மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே, பழைய பதிவு நினைவில் இருக்கும் நேரமான டிடிஎல்லை 300 விநாடி ஆக்கிவிடுங்கள். மின்னஞ்சல் சேவையைக் கிளஸ்டருக்குள் கொண்டுவர வேண்டாம், அது தனியே இருக்கட்டும்.

படி 7: உடைத்துப் பார்ப்பது

தளத்தைத் திறந்துவிடும் முன், வெளியே ஒரு கணினியிலிருந்து விநாடிக்கொரு முறை முகப்பைக் கேட்டு, பதில் எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொண்டே போகும் ஸ்கிரிப்டை ஓடவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக அணையுங்கள். ஒரு வெப் சர்வரை அணைத்தால் சில விநாடிக்குச் சில பிழைகள் வரலாம், பிறகு நிற்க வேண்டும். லோடு பேலன்சரின் முதன்மையை அணைத்தால் 4, 5 விநாடி இடைவெளி. டேட்டாபேஸின் முதன்மையை அணையுங்கள், முன்பதிவு ஒன்றைச் செய்து பாருங்கள். இயந்திரத்தை முறையாக ஷட்டவுன் செய்வது மட்டும் சோதனை ஆகாது. கிளவுட் பேனலிலிருந்து கரண்டைப் பிடுங்குவதுபோல நிறுத்துங்கள். பிரைவேட் நெட்வொர்க்கை மட்டும் துண்டித்தும் பாருங்கள். அக்டோபர் பிறக்கும் முன் இந்தச் சோதனையை ஆண்டுதோறும் செய்வது இந்தக் கரைக்கு அவசியம்.

அப்டேட் செய்யும் முறை

எச்ஏபிராக்சியில் ஒரு சர்வரை டிரெயின் நிலைக்கு மாற்றுங்கள். புதிய கோரிக்கை அதற்குப் போகாது, உள்ளே இருப்பவர்கள் முடித்துக்கொள்வார்கள். அப்டேட், சோதனை, உள்ளே சேர்ப்பு, பிறகு அடுத்தது. இடைப்பட்ட நேரத்தில் பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே டேட்டாபேஸைப் பார்க்கும் என்பதால், அட்டவணையில் புதிய நெடுவரிசையை (column) முதலில் சேர்த்து, நிரலை மாற்றி, பழைய நெடுவரிசையைச் சில நாள் கழித்தே நீக்குங்கள். கலேராவில் பெரிய அட்டவணையின் அமைப்பை மாற்றினால் (ALTER) அது முடியும்வரை டேட்டாபேஸில் எழுதும் வேலை முழுதும் காத்திருக்கும். அந்த வேலைக்கு மட்டும் விடியற்காலை நேரம் நல்லது.

பேக்கப்பும் ஆட்களும்

யாரோ தவறுதலாக அட்டவணையை அழித்தால், அந்த அழிப்பு மூன்று சர்வருக்கும் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்ச் சேரும். கிளஸ்டர் பேக்கப் ஆகாது. காத்திருக்கும் டேட்டாபேஸ் ஒன்றிலிருந்து தினமும் இரவில் மரியாபேக்கப் கருவியால் நகல் எடுத்து, வேறு ஊரில் உள்ள சேமிப்புக்கு அனுப்புங்கள். மாதம் ஒருமுறை அதைத் தனிச் சர்வரில் திரும்ப ஏற்றிப் பாருங்கள்.

புயல் அன்று டேட்டா சென்டர் நன்றாக ஓடும், நிர்வாகியின் வீட்டில்தான் கரண்டும் சிக்னலும் இருக்காது. ஆகவே சாவி இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். ஒருவர் கடலூரில் இருந்தால் மற்றவர் திருச்சியிலோ சேலத்திலோ இருக்கட்டும். கிளவுட் கணக்கின் ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வருமாறு வைத்திருந்தால், டவர் விழுந்த இரவில் உள்ளே நுழைய முடியாது. ஆதென்டிகேட்டர் செயலிக்கு மாற்றி, ரெகவரி குறியீடுகளைத் தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். கண்காணிப்புச் செய்தியும் இருவருக்கும் போகட்டும், கிளஸ்டருக்கு வெளியே ஓடும் சேவையிலிருந்து.

எல்லாம் ஒன்றாக நின்றுவிட்டால்

மூன்று டேட்டாபேஸும் ஒரே நேரத்தில் அணைந்தால் அவை தாமாகச் சேரும் என்று நம்ப முடியாது. எது கடைசியாக எழுதியது என்று தெரியாமல், எதுவும் முதலில் எழாமலே நிற்கலாம். அவசரத்தில் கைக்கு வந்த ஒன்றில் புதிய கிளஸ்டர் கட்டளையைக் கொடுத்தால், கடைசி நிமிடங்களில் வந்த முன்பதிவுகள் அழிந்துபோகும். மூன்றிலும் கிராஸ்டேட் (grastate.dat) கோப்பைத் திறந்து, கடைசியாக எழுதியதைக் குறிக்கும் சீக்னோ (seqno) எண்ணைப் பாருங்கள். திடீரென்று அணைந்திருந்தால் அங்கே -1 என்றிருக்கும். அப்போது "கலேரா ரெகவரி" (galera_recovery) கட்டளையை மூன்றிலும் ஓட்டி உண்மையான எண்ணை எடுங்கள். எது பெரிய எண்ணோ அந்தச் சர்வரில் மட்டும், கோப்பிலுள்ள "சேஃப் டு பூட்ஸ்டிராப்" (safe_to_bootstrap) வரியை 1 ஆக்கி, அதில் புதிய கிளஸ்டரைத் தொடங்குங்கள். இரண்டாவதைச் சேர்த்து, அது தரவை நகலெடுத்து முடிக்கும்வரை காத்திருங்கள். பிறகு மூன்றாவது. கிளஸ்டர் சைஸ் 3 என்று வந்தபின் வெப் சர்வர்கள், கடைசியில் லோடு பேலன்சர்கள். இந்த வரிசையையும் ஏழு சர்வர்களின் ஐபிகளையும் ஒரே தாளில் அச்சிட்டு, ரெகவரி குறியீடுகளோடு சேர்த்து வையுங்கள்.